மொட்டை மாடி ரயிலுக்குப் பேரிங் சில்லு: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் கரையோரப் பாதையில் போகும் ரயில் தெரியும். அலை பெரிதாக அடிக்கும் நாட்களில் யன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்பு பிசுபிசுக்கும். இந்த மாடியில்தான் 2018 முதல் 45 மில்லிமீற்றர் அகலப் பாதையில் என் சின்ன மொடல் ரயில் ஓடுகிறது.

உப்பை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய அளவு மொடல் ரயில் வைத்திருப்பவர்கள் பேரிங் சில்லு, அதாவது உரசல் குறைய வளையத்துக்குள் சின்னக் குண்டுகள் உருளும் சில்லு, வாங்கும்போது எது லேசாக உருளும் என்றுதான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். மேசையில் வைத்து விரலால் சுண்டிவிட்டு, அதிக நேரம் சுற்றியதை எடுத்தேன். அந்தச் சில்லுகள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. சுண்டினால் சோம்பலாகச் சுற்றி நின்றுவிட்ட மற்ற வகை இன்றைக்கும் ஓடுகிறது. கொழும்பில், அதுவும் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் என்னைப் போலக் காசை இரண்டு தரம் செலவழிக்கத் தேவையில்லை. அதனால்தான் விபரமாக எழுதுகிறேன்.

முதலில் என்னிடம் இருப்பது என்னவென்று சொல்கிறேன். அண்ணா ஜெர்மனியில் இருக்கிறார். 2018இல் லீவுக்கு வந்தபோது ஒரு எல்ஜிபி செட் கொண்டுவந்தார்: ஒரு எஞ்சின், இரண்டு பயணிகள் பெட்டி, ஒரு வட்டத்துக்குத் தேவையான பாதை. எல்ஜிபி 1968இல் நூரம்பேர்க்கில் தொடங்கிய வகை. தோட்டத்தில், மழையில் கிடந்து ஓடுவதற்கென்றே செய்தது. தண்டவாளம் பித்தளை. அளவு 1:22.5, அதாவது மீற்றர் பாதை ரயிலை 45 மில்லிமீற்றரில் கொண்டுவருவது.

ஆனால் என் மனதில் இருந்தது களனிவெளிப் பாதை. அப்பா இரத்மலானை ரயில் வேலைத்தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டரை அடி அகலத்தில், அதாவது 762 மில்லிமீற்றரில், அவிசாவளைப் பக்கம் வளைந்து வளைந்து போன சின்ன ரயிலைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும். தொண்ணூறுகளில் அந்தப் பாதையை அகலப்படுத்திவிட்டார்கள். 762ஐ 45க்குக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட 1:17 வரும். அந்த அளவில் மரத்தால் ஆறு போகிப் பெட்டிகளும் (போகி என்பது பெட்டிக்குக் கீழே இரண்டு அச்சோடு திரும்பும் சட்டம், பெட்டிக்கு இரண்டு), கடைசியில் கொழுவ, ரயில் கார்ட் இருந்து வரும் நான்கு சில்லுக் கார்ட் பெட்டி ஒன்றும் செய்தேன். ஜெர்மன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அளவு பொருந்தாது என்பது உண்மை. என் கண்ணுக்கு அது பொருந்துகிறது. ஆனால் மரப்பெட்டிகள் பாரம், ஒவ்வொன்றும் 1.2 கிலோ. பேரிங் கதை அங்கேதான் தொடங்கியது.

மொட்டை மாடி என்றால் தட்டையாக இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக ஒரு மூலைக் குழாயை நோக்கிச் சரித்துத்தான் சீமெந்து போடுவார்கள். எங்கள் மாடியில் 8 மீற்றருக்கு 12 சென்ரிமீற்றர் இறக்கம், நூற்றுக்கு ஒன்றரை. ஒரு பக்கம் பெரிய வளைவு வைக்க இடம் இருந்தது. மற்றப் பக்கம் தண்ணீர்த் தாங்கி. அதைச் சுற்றிப் போக 600 மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவுதான் வைக்க முடிந்தது. எல்ஜிபி வளைவுகளில் இதுதான் இறுக்கமானது, 12 துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆக, ரயில் அந்த இறுக்கமான வளைவிலிருந்து வெளியே வந்த கையோடு ஏற வேண்டும். பிளாஸ்டிக் சில்லுப் போட்ட மரப்பெட்டிகளில் ஐந்தைத்தான் எஞ்சின் இழுத்தது. ஆறாவதைக் கொழுவினால் தாங்கிக்குப் பக்கத்தில் எஞ்சின் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும்.

ஏன் இப்படி இழுபடுகிறது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. ஒரு பெட்டியைத் திருப்பி, அச்சு முனை போகிச் சட்டத்தில் உட்காரும் துளையை நகத்தால் சுரண்டினார். கறுப்பாக ஒரு பசை வந்தது. "பேரிங் போடாத பெட்டிக்கு இதுதான் வருத்தம்" என்றார். பழைய காலத்துப் பெட்டிகளுக்கு உருளைப் பேரிங் கிடையாது. அச்சுப்பெட்டிக்குள் வெண்கலக் கட்டையும், ஒயிலில் ஊறிய நூல் கழிவும்தான். ஒயில் வற்றினால் சூடேறிப் புகைக்கும். ஸ்டேஷனில் ரயில் நிற்கும் நேரத்தில் ஒவ்வொரு அச்சுப்பெட்டியிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடப்பார்களாம். உள்ளங்கை வைக்கமாட்டார்கள், கொதித்தால் வேலை செய்யும் தோல் போய்விடும். அப்பா என் பெட்டியிலும் புறங்கையை வைத்துக் காட்டினார். பழக்கம்.

கணக்கு லேசானது. அச்சு முனை 3 மில்லிமீற்றர், சில்லு 30 மில்லிமீற்றர். உரசல் நடப்பது அச்சு முனையில், அதைச் சுழற்றும் நெம்பு சில்லின் விளிம்பில். பிளாஸ்டிக்கில் உரசும் இரும்பின் உரசலைக் கால் பங்கு என்று எடுத்தால், அது பத்தில் ஒன்றாகக் குறைந்து, பெட்டியின் பாரத்தில் நூற்றுக்கு இரண்டரை இழுவையாக வரும். அச்சு மெலிந்தாலும் சில்லு பெருத்தாலும் இழுவை குறையும். பேரிங் போட்டால் அந்த உரசலே பெரும்பாலும் போய்விடும்.

இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு மீற்றர் பலகையில் இரண்டு துண்டுத் தண்டவாளம் அடித்தேன். பெட்டியை வைத்து, ஒரு முனையை மெல்ல மெல்ல உயர்த்தினேன். பெட்டி தானாக உருளத் தொடங்கும் உயரத்தைப் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தேன். பிளாஸ்டிக் சில்லு 26 மில்லிமீற்றரில் நகர்ந்தது. அண்ணா அனுப்பிய பேரிங் இல்லாத உலோகச் சில்லு, அதே பிளாஸ்டிக் துளையில் ஒரு சொட்டு ஒயிலோடு, 20. இத்தனை வருடத்தில் செய்ததில் பிரயோசனமான ஒரு வேலை என்றால் அந்தப் பலகைதான். ஒவ்வொரு வருடமும் ஒரே பெட்டிகளை வைத்து அளந்து கொப்பியில் எழுதி வந்திருக்கிறேன்.

பேரிங் சில்லில் இரண்டு வகை உண்டு. வாங்குவதற்கு முன் இதைப் பிரித்து விளங்கிக்கொள்வது நல்லது. ஒன்று, பேரிங் போகிச் சட்டத்தில் இருக்கும். இரண்டு சில்லும் அச்சோடு இறுகியிருக்கும், அச்சு மொத்தமாகச் சுற்றும். உண்மையான ரயில் மாதிரி. மற்றது, பேரிங் சில்லின் நடுவிலேயே இருக்கும். அச்சு அசையாது, இரண்டு சில்லும் தனித்தனியே தம் பாட்டில் சுற்றும்.

நேர்ப்பாதையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வளைவில் தெரியும். ஒரு முழு வட்டம் சுற்றினால் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தை விட எவ்வளவு நீளம்? 45ஐ 6.28ஆல் பெருக்கினால் 283 மில்லிமீற்றர். வட்டம் பெரிதோ சின்னதோ, வித்தியாசம் இதேதான். 30 மில்லிமீற்றர் சில்லின் சுற்றளவு 94. ஆக, ஒரு வட்டத்துக்கு வெளிச்சில்லு மூன்று சுற்று அதிகம் சுற்ற வேண்டும். அச்சோடு இறுகிய சில்லுக்கு அது முடியாது. ஆகவே ஏதோ ஒரு சில்லு தண்டவாளத்தில் இழுபட்டுத் தேய்ந்துதான் போகும். பெரிய வளைவில் அந்தத் தேய்ப்பு நீண்ட தூரத்துக்குப் பரவிவிடும். 600 ஆரத்தில் எல்லாம் கொஞ்ச இடத்துக்குள் நடக்கும். தாங்கிப் பக்கம் வரும் அந்தக் கிறீச் சத்தம் இதுதான்.

உண்மையான ரயிலுக்கு இறுகிய அச்சுதான் சரி. சில்லின் முகம் லேசான கூம்பு, அதனால் வண்டி தானே நடுப்பாதைக்கு வந்துவிடும். எங்கள் இறுக்கமான வளைவுகளில் அந்தக் கூம்பு வேலை செய்யப் போதாது. விளிம்புதான் வழிகாட்டுகிறது. எனவே வளைவு இறுக்கம் என்றால் தனித்தனிச் சில்லு, வளைவு பெரிது என்றால் எதுவும் பரவாயில்லை.

இரண்டு ஜெர்மன் பெட்டிகளுக்கும் எல்ஜிபியின் பேரிங் சில்லுகளையே போட்டேன். பேரிங் சில்லுக்குள் இருக்கும் வகை. அவற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கழற்றி மாட்டப் பத்து நிமிடம், பலகையில் 7 மில்லிமீற்றர், இன்றைக்கு 9. விலைதான் வலிக்கும், நான்கு அச்சின் காசுக்கு இன்னொரு பெட்டி செய்யலாம். பெட்டிக்குள் விளக்கு எரிய வேண்டும் என்பவர்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. மின்சாரம் பேரிங் வழியாகவே வயருக்கு வரும். சில்லின் பின்பக்கம் உரசும் தகடு தேவையில்லை, அந்தத் தகட்டின் இழுவையும் இல்லை. ஆனால் விளக்கு மின்னும். பேரிங்கில் இருக்கும் கிறீஸ் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, குண்டுகள் உருளும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். ஒரு கெப்பாசிற்றர் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாமான். அதிக மின்சாரம் பேரிங் வழியே ஓட விடக்கூடாது. சின்னச் சின்னப் பொறி தெறித்துக் குண்டின் முகத்தில் பள்ளம் விழும். விளக்குக்குப் போதும், மோட்டாருக்கு வேண்டாம்.

மரப்பெட்டிகளுக்கு அந்த விலையில் வாங்க முடியாது. ஆறு பெட்டி, 24 அச்சு. நானே செய்வது என்று முடிவெடுத்தேன். 3 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியில் அச்சு, பித்தளையில் லேத்தில் கடைந்த சில்லு, போகிச் சட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பேரிங். பெட்டிக்கு எட்டு, மொத்தம் 48.

பேரிங் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மோட்டார் சைக்கிளுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் வேண்டியது எல்லாம் இருந்தது. 3 மில்லிமீற்றர் துளையில் கிடைத்தது 623 என்ற இலக்கப் பேரிங், வெளி விட்டம் 10 மில்லிமீற்றர். என் போகிச் சட்டத்தின் உயரமே அவ்வளவுதான். எனக்கு வேண்டியது 3 × 6 × 2.5 (துளை, வெளி விட்டம், அகலம்), ரிமோட் கார் ஓட்டுபவர்கள் பாவிக்கும் அளவு. ஒன்லைனில் எடுத்தேன். சின்னதாக இருக்கிறதே, பாரம் தாங்குமா என்று யோசிக்கத் தேவையில்லை. 1.2 கிலோ பெட்டி எட்டுப் பேரிங்கில் இருக்கிறது, ஒன்றுக்கு 150 கிராம். இந்த அளவுப் பேரிங் கிலோக் கணக்கில் தாங்கும். வேகமும் ஒரு பொருட்டே இல்லை. ரயில் விநாடிக்கு ஓர் அடி போனால் சில்லு நிமிடத்துக்கு 200 சுற்றுக்குள் சுற்றும். பேரிங் செய்தவர்கள் நினைத்தது பல ஆயிரம் சுற்று. ஏபெக் 5, ஏபெக் 7 என்று தர எண் போட்டு விற்பார்கள். அது அளவுத் துல்லியத்தின் எண். எங்கள் வேகத்தில் அதற்குக் காசு கொடுப்பது வீண். பாரத்தாலும் வேகத்தாலும் எங்கள் பேரிங் சாகாது. உப்பும் தூசும்தான் கொல்லும்.

இதை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். 2019 தொடக்கத்தில் மூன்று பெட்டிக்கு 24 பேரிங் எடுத்தேன். சாதாரண குரோம் ஸ்டீல், மூடி இல்லாத வகை. விலை மலிவு, சுண்டினால் நிற்காமல் சுற்றியது. பலகையில் 4 மில்லிமீற்றர்! அடிமட்டத்தை இரண்டு தரம் பார்த்தேன். பெட்டியை மாடியின் மேல் முனையில் வைத்துக் கையை எடுத்தால், தாங்கி வளைவு வரை தானே ஓடிப் போனது. அன்றைக்குப் பின்னேரம் அயல்வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மாடியில்தான்.

வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கியது. பெட்டிகளை இரவில் உள்ளே எடுத்துத்தான் வைத்தேன். ஆனாலும் ஓடும் நேரத்தில் தெறிக்கும் தண்ணீரும், காற்றில் வரும் உப்பும் போதும். ஆவணியில் ஒரு நாள் பெட்டி வளைவில் இழுபடுவதைப் பார்த்தேன். சில்லு சுற்றவில்லை, சறுக்கிக்கொண்டு போகிறது. போகியைக் கழற்றி வெள்ளைத் துணியின் மேல் அச்சைச் சுற்றினேன். துணியில் செங்கல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. பேரிங்கின் ஒரு பக்கத்தில் குண்டுகளுக்கு நடுவே துரு ஈரச் சேறு மாதிரி நின்றது. விரலில் சுற்றினால் மணல் அரைப்பது போல ஒரு நறநறப்பு, பிறகு ஒரு இடத்தில் பிடித்துக்கொள்கிறது. மற்றதை எல்லாம் பலகையில் வைத்தேன்: 31 மில்லிமீற்றர். பிளாஸ்டிக் சில்லை விட மோசம்.

அதற்குப் பிறகு எடுத்தது துருப்பிடிக்காத ஸ்டீல், 440சி என்று குறிப்பிட்டது, இரண்டு பக்கமும் உலோக மூடி. இஸட் இஸட் என்று எழுதியிருக்கும். றப்பர் மூடி வகையும் உண்டு. அது தண்ணீரை இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் றப்பர் உள்வளையத்தில் உரசும், இந்தச் சின்ன அளவில் அந்த உரசலே பெட்டியைப் பிடித்துவிடும். இரண்டு போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். உலோக மூடி எதிலும் படாது, மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குள் இருக்கும் கிறீஸ்தான் உண்மையான காவல்.

கிறீஸோடு வந்ததால் சுண்டினால் இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடும். பலகையில் 9. முதல் போட்டதோடு பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிக் கிறீஸை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஒரு பெட்டியில் மட்டும் கழுவி, தையல் மெஷின் ஒயில் விட்டுப் பார்த்தேன். 5க்கு வந்தது. அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் இன்று வரை இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஒயில் விட வேண்டியிருக்கிறது. விட மறந்த 2021இல் இரண்டு பேரிங் போனது. 440சி என்றாலும் அது துருவே பிடிக்காத சாமான் இல்லை, துரு பிடிக்கப் பிந்தும், அவ்வளவுதான். கழுவாமல் விட்ட ஐந்து பெட்டியில் 40 பேரிங். ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஒன்றையும் மாற்றவில்லை. பலகையில் 8 ஆகி, இப்போது 10இல் நிற்கிறது.

பேரிங்கைச் சட்டத்தில் ஏற்றுவது ஒரு தனிக் கலை. நான் அதை லேத் கடை நானாவிடம் படித்தேன். சில்லு கடையக் கொடுக்கப் போனபோது, ஒரு பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றியதைக் காட்டினேன். அவர் வாங்கி விரலில் உருட்டி, காதுக்குக் கிட்டப் பிடித்தார். "தம்பி, இது செத்துப்போச்சு" என்றார். பிறகு ஒரு குறடும் இரண்டு வாசரும் எடுத்துக் காட்டினார். "துளைக்குள்ள ஏத்தக்குள்ள வெளி வளையத்தை அமத்துங்க. கம்பியில ஏத்தக்குள்ள உள் வளையத்தை. மாறி அமத்தினா அமத்துற பாரமெல்லாம் குண்டுலதான் போகும்." உள்ளே இருக்கும் குண்டு ஒரு மில்லிமீற்றர் வரும். தட்டிய தட்டில் ஓடுபாதையில் பள்ளம் விழுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, உருட்டினால் தட்டித் தட்டி நிற்கும்.

துளையை 6 மில்லிமீற்றர் ட்ரில்லால் போட்டால் வட்டமாக வராது. 5.8இல் துளைத்து, துளையைச் சீராக்கும் ரீமரால் 6க்குக் கொண்டுவர வேண்டும். இறுக்கமாக இருந்தால் வெளிவளையம் நசுங்கி உள்ளே குண்டுக்கு இடம் இருக்காது. பெருவிரலால் அமத்தினால் போக வேண்டும், தானாக விழவும் கூடாது. விழுகிறது என்றால் ஒட்டும் திரவம் ஊசி முனையளவு வெளிவளையத்தில் வைக்கலாம். ஒரு தரம் நான் கூட வைத்து, அது மூடியின் இடுக்கால் உள்ளே போய், காலையில் பார்த்தால் பேரிங் கல்லாகிவிட்டது. இன்னொன்று, அச்சு பக்கவாட்டில் அரை மில்லிமீற்றர் ஆடும்படி விட வேண்டும். மத்தியான வெயிலில் மாடியில் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டில் எல்லாம் விரியும். ஆட்டம் விடாத போகிகள் காலையில் நன்றாக உருண்டு, பன்னிரண்டு மணிக்கு இறுகின.

சில்லுகளுக்கு இடையிலான உள் இடைவெளியையும் வேனியரால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்ஜிபி பாதைக்கு 40 மில்லிமீற்றர். லேத்தில் செய்தது 39க்கு வந்தால் பாதை பிரியும் இடத்தில் ஏறி விழும்.

பலன் என்ன என்றால், ஐந்து மரப்பெட்டி இழுத்த அதே எஞ்சின் இப்போது ஆறு மரப்பெட்டியும் இரண்டு ஜெர்மன் பெட்டியும் கார்ட் பெட்டியும் இழுக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பலகையில் 26 இருந்தது 9க்கு வந்ததே, மூன்று மடங்கு பெட்டி இழுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தட்டையான தரையில் இழுக்கும். ஏற்றத்தில் இழுக்காது. ஒன்றரை வீத ஏற்றம் என்றால் பேரிங் எதுவானாலும் பாரத்தில் ஒன்றரை வீதத்தைத் தூக்கத்தான் வேண்டும். பலகையில் ஒரு மீற்றருக்கு 26 மில்லிமீற்றர் என்றால் 2.6 வீதம். முன்பு 2.6உம் 1.5உம் சேர்ந்து 4.1. இப்போது 0.9உம் 1.5உம் சேர்ந்து 2.4. அந்த விகிதம்தான் கிடைக்கும். ஆகவே உங்கள் பாதையில் ஏற்றம் மூன்று நான்கு வீதம் என்றால், பேரிங்குக்குச் செலவழிக்கும் காசில் ஏற்றத்தைக் குறைக்கப் பலகை வாங்குங்கள். அதில்தான் அதிகம் மிச்சம்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாட்களில் எஞ்சினைப் பட்டரிக்கு மாற்றினேன். அப்போதுதான் பேரிங்கின் இன்னொரு நன்மை தெரிந்தது. இழுவை குறைவு என்பதால் பட்டரியில் ரயில் நல்ல நேரம் ஓடியது. இருட்டில் தெரு முழுக்கச் சத்தமில்லாமல் இருக்க, மாடியில் சின்ன ரயில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. முன்னமே வாங்கி வைத்த பேரிங்குகளுக்கு இன்னும் கூடப் பெறுமதி வந்தது. இப்போது வாங்குபவர்கள் உதிரியாக நான்கு ஐந்தைச் சேர்த்தே எடுங்கள், தபாலுக்கே பாதிக் காசு போகிறது.

செராமிக் குண்டு போட்ட பேரிங் பற்றியும் சொல்ல வேண்டும். குண்டு துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் வளையம் ஸ்டீல்தான். வளையம் துருப்பிடித்தால் குண்டு நல்லதாக இருந்து பிரயோசனம் இல்லை. மின்சாரமும் கடத்தாது, விளக்குப் பெட்டிக்குச் சரிவராது. நான் வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன்.

லேசாக உருளும் ரயிலுக்கு ஒரு தொல்லை உண்டு. இறக்கத்தில் பெட்டிகள் எஞ்சினைத் தள்ளும். எஞ்சினுக்குள் இருப்பது புழுப்பல் சக்கரம், அதாவது திருகு மாதிரியான கம்பி பல்சக்கரத்தைச் சுற்றும் வகை. பின்னாலிருந்து தள்ளினால் அது சீராகச் சுற்றாது. கம்பி முன்னும் பின்னும் ஆடி, ரயில் விக்கி விக்கி இறங்கும். கொழுவிகள் இறுகுவதும் தளர்வதுமாக இருக்கும், வளைவில் நடுப்பெட்டி ஒன்று வெளியே ஏறும். பேரிங் எல்லாம் போட்டு முடித்த முதல் வாரத்தில் மூன்று தரம் இப்படிக் கவிழ்ந்தது. ஒரு பெட்டியின் கூரை மாடிச் சுவரில் அடித்து உடைந்தது.

அப்பாதான் கார்ட் பெட்டியைக் காட்டினார். அதற்கும் பேரிங் போடத் துளை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். "கார்ட் பெட்டி எதுக்கு இருக்கு? பிடிக்கத்தானே" என்றார். பழைய பிளாஸ்டிக் சில்லுகளை அதற்கே திரும்பப் போட்டு, உள்ளே ஈயத்துண்டு வைத்துப் பாரமாக்கினோம். கடைசியில் ஒரு பெட்டி லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் இறக்கத்திலும் கொழுவிகள் இழுபட்டே இருக்கின்றன. அதற்குப் பிறகு விக்கல் இல்லை.

சனிக்கிழமைகளில் ஓட்டி முடித்ததும் பெட்டிகளை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு உள்ளே எடுப்பேன். அப்பாவுக்கு இப்போது படியேறுவது கஷ்டம், ஆனாலும் ஏறி வருவார். நாற்காலியில் இருந்தபடியே, பெட்டிகளை ஒவ்வொன்றாக நான் நீட்ட நீட்ட, அச்சில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கார்ட் பெட்டியில் மட்டும் கொஞ்சம் கூட நேரம் வைத்திருப்பார்.